பெல் அக்கா

காலிங்பெல்லை அழுத்திவிட்டு, இடது தோளைச் சாய்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். இது காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர். உள்ளே குரைப்பு எழுந்து அடங்கியதும் தோளை நிமிர்த்தி, காதிடுக்கில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு, பெல்லை வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் அடிக்கிறார். இது கூரியர். அடுத்து, இல்லாத ஒரு கிண்ணத்தைக் கையில் ஏந்தி, தலையைச் சாய்த்து, பட்டும் படாமலும் ஓர் அழுத்து. இது கொஞ்சம் சர்க்கரை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா. கதவு மூடியே இருக்கிறது. உள்ளே இருக்கும் நாயால் இந்த வேஷங்களில் ஒன்றையும் பார்க்க முடியாது. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது.

"அவன் பார்க்கலைன்னா என்ன? அடிக்கிற கைக்குத் தெரியணும்ல, தான் யாருன்னு. கூரியர்காரன் கை வேற, சர்க்கரை கேக்கிற கை வேற. பெல் சத்தத்துலயே அவன் ஜாதகத்தைக் கணிச்சிடுவான்."

வீடு வீடாகப் போய் நாய்களுக்குப் பழக்கம் சொல்லித்தருவது இவர் தொழில். நாய் வளர்ப்பவர்கள் நடுவில் இவருக்குப் 'பெல் அக்கா' என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான, உருண்டையான உடம்பு. கான்வாஸ் ஷூ. நடப்பதில்லை, உருண்டு வந்து நிற்கிறார். மாடிப்படியில் இவர் ஏறிவரும் சத்தம் கேட்டாலே மூன்று தளத்திலும் உள்ள நாய்கள் காதைத் தூக்குகின்றன. நாய் இல்லாத வீடுகளில் குழந்தைகள் தூக்குகின்றன.

முன்பு ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் இருந்தாராம். "காலையில ஹெட்போனை மாட்டினா சாயங்காலம் வரைக்கும் குரைப்புதான். பில்லு தப்புன்னு ஒருத்தர், லைன் போச்சுன்னு ஒருத்தர். அத்தனை பேரையும் அடக்கினேன். எப்படின்னு கேளு. நான் திருப்பிக் குரைக்கமாட்டேன், அவ்வளவுதான் வித்தை." அங்கிருந்து நாய்களிடம் வந்தது பதவி உயர்வு என்பது அவர் எண்ணம்.

இடுப்பில் ஒரு பெல்ட் பை. அதில் இரண்டு அறைகள். இடது அறையில் வேகவைத்து விரல்நுனி அளவுக்கு நறுக்கிய கோழி ஈரல், அது நாய்களுக்கு. வலது அறையில் ஆரஞ்சு மிட்டாய், அது மனிதர்களுக்கு. நல்ல காரியம் எதைச் செய்தாலும் அந்த நொடியே கூலி கிடைத்துவிட வேண்டும் என்பது இவர் சட்டம். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பையனுக்கு ஒரு மிட்டாய். வரிசையில் முண்டாமல் நின்ற பெரியவருக்கு ஒரு மிட்டாய். ஒருமுறை அவசரத்தில் அறை மாறிவிட்டது. கையெழுத்தைச் சீக்கிரம் போட்டுக்கொடுத்த பேங்க் அதிகாரியின் உள்ளங்கையில் ஈரல் துண்டு விழுந்தது. அக்கா வெலவெலத்துப் போய் வாயைத் திறப்பதற்குள் அவர் அதை மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கே, எந்தக் கடை?" என்று கேட்டாராம்.

அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது அவர் பரம்பரைச் சொத்து. அது ஒருநாள் தற்செயலாகக் கொடியில் விழுந்தபோது பின்னாலிருந்து ஒரு "சபாஷ்!" கையில் ஒரு மிட்டாய். "முதல்ல பயங்கரக் கோவம் வந்துச்சு, நான் என்ன பொமரேனியனான்னு கேட்டேன். இப்போ துண்டை மாட்டிட்டு நானே கையை நீட்டிட்டு நிக்கிறேன். சுகர் டெஸ்ட் எடுக்கப் பயமா இருக்கு" என்றார் என்னிடம்.

இந்த அக்காவை நான் பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது எதிர்வீட்டு நாயால். எங்கள் தளத்தில் என் அறைக்கு நேர் எதிரே ஒரு தையல்காரப் பெண்ணும் பஸ் ஓட்டும் அவள் கணவரும் குடியிருக்கிறார்கள். டிப்போவில், பின்சக்கரத்துக்கு அடியில் கிடந்த ஒரு குட்டியை டிரைவர் டிபன்பையில் போட்டு எடுத்துவந்தார். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும். 'மேனேஜர்' என்று பெயர் வைத்தது அவர்தான். "எங்க டிப்போ மேனேஜரும் இப்படித்தான். யார் வந்தாலும் கத்துவார், ஏன்னு அவருக்கே தெரியாது."

குட்டியாக இருந்தவரை மேனேஜரின் குரல் கொசுவைப் போல இருந்தது. வளர்ந்ததும் லாரி ஹார்ன் ஆகிவிட்டது. தையல் கொடுக்கவும் வாங்கவும் நாள் முழுக்க ஆள் வரும் வீடு. ஒவ்வொரு பெல்லுக்கும் கட்டடம் அதிரும். எங்கள் தலைக்கு மேலே குடியிருக்கும் நர்ஸம்மா இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர். கண்ணுக்கடியில் கருவளையத்தோடு அவர் வந்து, கொஞ்சம் தூங்க விடுங்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. விஷயம் ஹவுஸ் ஓனருக்குப் போனது. ஓனர் போனில் சொல்லிவிட்டார்: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வருவேன், நான் வந்து நிற்கும்போது நாய் கத்தினால், அன்றைக்கே அதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

"எங்கயாவதுன்னா எங்கக்கா? அது என்ன குடையா, பஸ்ல விட்டுட்டு வர?" என்று, தேடிப்பிடித்து வரவழைத்த பெல் அக்காவிடம் தையல்காரப் பெண் கேட்டபோது அவள் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பின் இரு முனைகளும் நடுங்கின.

"அழாதே கண்ணு. முதல்ல நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க. நான் வெளிய போய் பெல் அடிக்கிறேன்" என்றார் அக்கா. நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். பெல் அடித்தது. மேனேஜர் பாய்ந்து போய்க் குரைத்தது. உடனே டிரைவர் "கத்தாதே! கத்தாதேடா!" என்று அதைவிட உரக்கக் கத்தியபடி கதவுக்கு ஓடினார். தையல்காரப் பெண் மிஷினை விட்டு எழுந்து, "ஷ்ஷ், சும்மா இரு, சும்மா இரு" என்று கூவிக்கொண்டே ஓடினாள். கதவருகில் மூவரும் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் அவள் ஒரு ரஸ்க்கை அதன் வாயில் திணித்தாள். அமைதி.

அக்கா உள்ளே வந்து கையைத் தட்டிச் சிரித்தார். "பிரமாதம்! என்ன ஒரு கச்சேரி! இவன் ஆரம்பிக்கிறான், நீங்க ரெண்டு பேரும் பக்கவாத்தியம். கடைசியில வித்வானுக்கு ரஸ்க் சன்மானம். இதைவிட நல்ல வேலை எந்த நாய்க்குக் கிடைக்கும்? அவன் உங்களை எதிர்க்கலை தம்பி, உங்களோட சேர்ந்து பாடறான்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். டிப்போ நண்பர் ஒருவர், பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒன்று போட்டால் அடங்கிவிடும் என்று சொன்னதாக மெல்ல எடுத்துவிட்டார். அதுவரை குலுங்கிக்கொண்டிருந்த அக்காவின் உடம்பு சட்டென்று அசையாமல் நின்றது.

"பேப்பர் படிக்கறதுக்கு. அடிச்சா வாய் மூடும் தம்பி, பயம் மூடாது. குரைக்காம கடிக்கிற நாய் வேணுமா உங்களுக்கு? ஹார்னைப் பிடுங்கிட்டு பஸ்ஸை ஓட்டச் சொன்னா ஓட்டுவீங்களா?"

"ஓட்ட மாட்டேங்க."

"சபாஷ்" என்று அவர் கையில் ஒரு மிட்டாயை வைத்தார். உடம்பு மறுபடி குலுங்கத் தொடங்கிவிட்டது.

திட்டம் எளிமையானது. பெல் அடித்தால் மேனேஜர் கதவுக்கு ஓடக்கூடாது. ஒரு பாயில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஈரல். மிச்சம்மீதித் துணிகளை ஒட்டுப்போட்டு அன்றிரவே ஒரு பாயைத் தைத்துவிட்டாள் அந்தப் பெண். யார் யாருடைய சட்டையோ சுடிதாரோ, அத்தனை நிறமும் அதில் இருந்தன. ஆனால் மறுநாள் வந்த அக்கா நாயைத் தொடவே இல்லை. டிரைவரைப் பார்த்து, "தம்பி, நீங்க கொஞ்ச நேரம் சமையலறையில இருங்க. இன்னிக்கு நீங்கதான் நாய்" என்றார்.

விதி இதுதான். டிரைவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது அவருக்குத் தெரியாது. மனைவி வாயைத் திறக்கக் கூடாது. அவர் சரியான திசையில் போனால் ஒரு கைதட்டு, ஒரு மிட்டாய். தப்பாகப் போனால் சிலைபோல உட்கார்ந்திருக்க வேண்டும். செய்ய வேண்டிய காரியம், பாயில் போய் உட்காருவது.

அவர் வந்து ஹாலின் நடுவில் நின்றார். "என்ன பண்ணணும்?" பதில் இல்லை. ஃபேனைப் போட்டார். பதில் இல்லை. ஃபேனை நிறுத்தினார். மிஷினைத் தொட்டார், ஜன்னலைத் திறந்தார், எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். மனைவி கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நாளில் அவர் பேச்சுக்கு அவள் பதில் பேசாமல் இருந்தது அதுவே முதல்முறையாக இருக்க வேண்டும். அவள் முகத்தில் ஒரு தனி ஒளி வந்திருந்தது. அவர் நாக்கால் உதட்டைத் தடவினார். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"பார்த்தியா கண்ணு" என்று அக்கா கிசுகிசுத்தார். "இது தூக்கக் கொட்டாவி இல்லை. பதட்டம். மேனேஜரும் இதேதான் விடுவான், நீங்க சோம்பேறின்னு திட்டுவீங்க."

அதற்குள் டிரைவர் வெடித்துவிட்டார். "வாயைத் திறந்து சொன்னாத்தானேடி தெரியும்! நான் என்னத்தைக் கண்டேன்? எல்லாரும் உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா மனுஷன் என்னதான் பண்ணுவான்!"

"தம்பி, இப்போ நீங்க குரைச்சீங்க" என்றார் அக்கா.

இஸ்திரி மேஜைக்கு அடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் மடிந்த காதையும் நிமிர்த்தியது. பிறகு தையல்காரப் பெண் சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப்பார்த்து, முடியாமல், துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். டிரைவருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துச் சிரித்துப் பின்வாங்கியவரின் குதிகால் பாயில் பட்டது. கைதட்டு! அவர் திடுக்கிட்டார். இன்னொரு காலையும் வைத்தார். கைதட்டு! மெல்லக் குந்தினார். மூன்று பேரும் தட்டிய தட்டலில் மேலே நர்ஸம்மா விழித்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, இன்னொரு தடவை பண்ணலாமா? துணி மடிக்கறதைச் சொல்லிக்குடுக்கலாமா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அடியே, நான் நாய் இல்லைடி!"

"நல்லாத்தானே வந்துட்டிருக்கீங்க தம்பி, அதுக்குள்ள மனசை விட்டா எப்படி?" என்றார் அக்கா.

அன்று என் அறைக்குத் திரும்பிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. நின்றபோது வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒவ்வொரு மார்க் ஷீட்டுக்கும் அப்பா என் தோளை ஒருமுறை தட்டுவார், பேசமாட்டார். என்ன படிக்கிறேன், எதற்குப் படிக்கிறேன் என்று தெரியாமலேயே அந்தத் தட்டல் எந்தப் பக்கம் கேட்டதோ அந்தப் பக்கமே நகர்ந்து நகர்ந்து வந்து ஒரு டிகிரியின் மேல் உட்கார்ந்திருக்கிறேனா? மறுநாள் இதை அக்காவிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். "உக்காந்த இடம் பிடிச்சிருக்கா, காலேஜ்?" என்று கேட்டார். என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான். தெரியவில்லை என்றேன். "தெரியலைன்னு நிஜத்தைச் சொன்னதுக்கு" என்று ஒரு மிட்டாயைத் தந்துவிட்டுப் பெல் அடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெல் அடித்தபடியே இருந்தது. மேனேஜருக்குப் பாய் பழகும்வரை டிரைவர்தான் வழிகாட்டி. பெல் கேட்டதும் வாயைத் திறக்காமல், கையில் ஈரலோடு பாய்க்கு நடப்பார். நாய் பின்னாலேயே போகும். அவர் ஈரலை மறந்த நாட்களிலும் போனது. தையல்காரப் பெண் பெல் கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஷ்ஷ்" என்பதை விழுங்கிவிட்டு, மிஷினை மிதித்தபடியே இருக்கக் கற்றுக்கொண்டாள். நாயைவிட அவளுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. அக்கா பால்காரராக, மின்சார ரீடிங் எடுப்பவராக, பிளவுஸ் இறுக்கமாகிவிட்டது என்று சண்டை போட வந்தவராக, வழி தெரியாமல் தப்பு வீட்டுக்கு வந்தவராக வேஷம் கட்டினார். சனிக்கிழமை மாலை கடைசி ஒத்திகை. அவர் ஹவுஸ் ஓனராகி, வயிற்றை முன்னே தள்ளி, பெல்லைத் தயவு தாட்சண்யமின்றி நீளமாக அழுத்தினார். உள்ளே ஒரு மூச்சும் இல்லை. வராந்தாவில் அக்கா ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த வீட்டுக்குள் போகவில்லை. தான் இருந்தால் நாய் தன்னையே பார்க்கும் என்று சொல்லி, என் அறைக்குள் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் தலைக்கு மேல் எட்டிப்பார்த்தேன். காற்றுக்காக டிரைவர் மரக்கதவைத் திறந்து வைத்திருந்தார். இரும்பு கிரில் மட்டும் சாத்தியிருந்தது. கம்பிகளின் ஊடே மிஷினும் பாயும் இஸ்திரி மேஜையும் தெரிந்தன.

ஓனர் வந்தார். வயிறே இல்லாத, ஒடிசலான மனிதர். அக்கா முகத்தில் முதல் அதிர்ச்சி அது. ஓனரின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் ஒரு பெரிய சாவிக்கொத்து. பெல் இருக்கும் பக்கமே அவர் திரும்பவில்லை. சொந்த வீட்டுக்கு யார் பெல் அடிப்பார்கள்?

"ஐயய்யோ" என்றது அக்காவின் உதடு. "பெல்லை அடிய்யா. புண்ணியமாப் போகும், பெல்லை அடி." அத்தனை வேஷம் கட்டியவருக்கு ஒருமுறையாவது கதவைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பெல்லைத் தவிர வேறு சத்தமே உலகத்தில் இல்லை என்பதுபோல ஒத்திகை நடந்திருந்தது.

டணார் டணார் என்று சாவிக்கொத்து கிரிலில் மோதியது.

மேனேஜர் துள்ளி எழுந்தது. இந்தச் சத்தம் அதன் பாடத்தில் இல்லை. முதுகு மயிர் சிலிர்க்க, கழுத்தை நீட்டி, "வ்" என்று தொடங்கிவிட்டது. தையல்காரப் பெண்ணின் வாயும் திறந்தது. ஒரு "ஷ்ஷ்" வந்திருந்தால் பழைய கச்சேரி தொடங்கியிருக்கும். அவள் கத்தரித்துக்கொண்டிருந்த துணியின் ஓரத்தை அப்படியே வாயில் கவ்விக்கொண்டாள்.

டிரைவர் எழுந்தார். கதவுப் பக்கம் போகவில்லை. யோசித்ததாகவும் தெரியவில்லை. கால் பழகிய வழியில், வெறுங்கையோடு நேரே போய்ப் பாயில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, வாயை மூடிக்கொண்டு.

மேனேஜர் கிரிலைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பாதியில் நின்ற குரைப்பை ஒரு கொட்டாவியாக மாற்றி வெளியே விட்டது. பிறகு நடந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

தையல்காரப் பெண் துணியைத் துப்பிவிட்டுக் கிரிலைத் திறந்தாள். ஓனர் உள்ளே வந்து, பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா, ஏன் கீழ உக்காந்திருக்கே?"

"இடுப்பு பிடிச்சிருக்கு சார். வண்டி ஓட்டி ஓட்டி."

"நாய்க்குமா?"

"அது துணைக்கு சார்."

அவளுக்குக் கை நிற்கவில்லை. அக்கா கொடுத்துவைத்திருந்ததிலிருந்து நாயின் வாயில் ஓர் ஈரல் துண்டு, கணவரின் கையில் ஒரு மிட்டாய், அதே வேகத்தில் ஓனரின் கையிலும் ஒரு மிட்டாய்.

"இது எதுக்கும்மா?"

"நீங்க மெதுவாப் பேசினீங்கல்ல சார், அதுக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஓனர் அந்த மிட்டாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதுவரை யாரும் அவருக்கு எதற்கும் மிட்டாய் தந்ததில்லை போலிருக்கிறது. காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "குரைக்கவே குரைக்காதா இது?" என்று ஒரு கன்னம் உப்பக் கேட்டார்.

என் பக்கத்தில் அக்கா மூச்சை நிறுத்தினார். 'குரைக்காது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"குரைக்கும் சார். நாய்தானே" என்றாள் தையல்காரப் பெண். "இப்போ கம்மியாக் குரைக்குது. இன்னும் கத்துக்கிட்டிருக்கோம்."

மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருண்டது. "சரி, இருக்கட்டும். நர்ஸம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் ஓனர். மேனேஜரின் தலையைத் தொடலாமா என்று ஒரு விரலை நீட்டி, வேண்டாமென்று மடக்கிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் கீழே தேய்ந்ததும் அக்கா வராந்தாவுக்குப் பாய்ந்தார். அவரைக் கண்டதும் மேனேஜர் திறந்த கிரில் வழியே வில்லிலிருந்து விட்ட அம்பாக வந்தது. வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆட, முன்கால்களைத் தூக்கி அவர்மேல் ஏறப்பார்த்தது. அக்காவின் கைகள் தாமாகவே விரிந்தன. வாசலில் தையல்காரப் பெண் வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

அக்கா கைகளை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டார். "என்கிட்ட இல்லடா ராஜா. அங்க. அவகிட்டப் போ" என்று கிசுகிசுத்துவிட்டு, திரும்பி, சுவரை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் அவர் முதுகை முகர்ந்தது, முழங்காலை முகர்ந்தது, ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு தையல்காரப் பெண்ணிடம் ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்தது. அக்கா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி, கைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். கான்வாஸ் ஷூவுக்குள் இரண்டு குதிகால்கள் மட்டும் மாறி மாறித் துள்ளிக்கொண்டிருந்தன.